விவிலியமும் பொதுமக்களும்: ஒரு கூற்றின் ஆராய்ச்சி

பிறர்மதம் மறுக்கப் புகுவார் முதற்கண் அம்மதத்தை அதனை உடையார் கூறுமாறே கூறி, அவர் உடன்படும் நிலையில் நிறுத்திக்கொண்டு, பின்னரே அதன்கண் உள்ள குற்றங்களை எடுத்துக்காட்டல் வேண்டும். இது நம் சந்தானாசாரியர் காட்டிய நெறி. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்துள் உலகாயதன் முதலிய பதினால்வர் கொள்கைகளையும் இம்முறையானே ஆராய்ந்தருளினார். எதிரி கூறாததனை அவன்மேல் ஏற்றி மறுத்தல் தருக்கநெறிக்கும் பொருந்தாது, வாய்மைக்கும் பொருந்தாது.

இந்நெறி நம்மிடையே சில இடங்களில் நெகிழ்ந்து வருகின்றது. கிறித்து சமயத்தைப் பற்றி நம்மவர் பேசுமிடத்தும் எழுதுமிடத்தும் ஒரு கூற்று அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. ரோமாபுரித் திருச்சபையார் இடைக்காலம் முழுதும் விவிலியத்தைச் சங்கிலியாற் பிணித்தும் இலத்தீன் மொழியிற் பூட்டியும் வைத்தனர் என்பதும், பொதுமக்கள் அதனைக் கண்ணாற் காணவும் ஒட்டிலர் என்பதும், மார்ட்டின் லூதர் தோன்றியே அப்பூட்டைத் திறந்தார் என்பதும் அக்கூற்றின் பொருள். இது நம்மவர் ஆராய்ந்து கண்டதன்று. சீர்திருத்தச் சபையார் கத்தோலிக்கரோடு வழக்காடியபொழுது கூறியதனை நம்மவர் அவ்வாறே வாங்கிக்கொண்டனர். இதற்கு நேர்மாறாகக் கத்தோலிக்கருள் ஒரு சாரார், திருச்சபை எக்காலத்தும் எவரையும் விவிலியம் படிக்கத் தடுத்ததில்லை என்பர். இவ்விரு கூற்றும் வரலாற்றோடு பொருந்துமா என்று ஆராய்ந்து, பெறப்படும் உண்மையைச் சித்தாந்த நோக்கில் வைத்து மதிப்பிடுதல் ஈண்டு எம் கருத்து.

சங்கிலி

சங்கிலி பற்றிய கூற்றை முதலில் நோக்குவாம். ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியாற் பிணித்துவைக்கும் வழக்கம் இருந்தது உண்மையே. அதன் காரணம் யாதெனிற் கூறுதும். அச்சுப்பொறி தோன்றுமுன் ஆங்கு நூல்கள் பெரும்பாலும் விலங்கின் தோலைப் பதப்படுத்திய ஏடுகளிற் கையால் எழுதப்பட்டன. இங்கிலாந்தின் வடபால் வியர்மத்–ஜாரோ மடத்திற் கியோல்பிரித் என்னும் மடாதிபதி காலத்தில் முழு விவிலியப் படிகள் மூன்று எழுதப்பெற்றன. அவற்றுள் ஒன்றைப் போப்பரசர்க்குக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு 716-ஆம் ஆண்டில் அவர் ரோமாபுரிக்குப் புறப்பட்டார், வழியிலேயே இறந்தார். இப்பொழுது பிளாரன்ஸ் நகர நூலகத்தில் உள்ள அப்படி 1030 தோலேடுகள் உடையது. ஏறக்குறைய 34 கிலோகிராம் நிறையுடையது. ஐந்நூறு கன்றுகளின் தோல் அவ்வொரு படிக்கே வேண்டியிருக்கும் என அறிஞர் மதிப்பிட்டுள்ளனர். பனையோலையில் எழுதிவந்த நமக்கு இஃது எளிதில் விளங்குவதன்று. ஒரு நூலுக்கு ஒரு மந்தையே செலவாகுமிடத்து, அந்நூல் குடிகளின் வீடுதோறும் இருத்தல் இயலாமை வெளிப்படை. 13-ஆம் நூற்றாண்டிற் பாரிசு நகரில் மெல்லிய தோலில் நுண்ணெழுத்தால் முழு விவிலியத்தையும் ஒரு சிறு கட்டாக எழுதும் முறை பரவியது. அவையும் பெரிதும் மாணாக்கர்க்கும் ஊரூராகச் சென்று உபதேசிக்குந் துறவியர்க்குமே பயன்பட்டன.

இத்துணை விலையுடைய பொருளைப் பலரும் வந்துபோகும் இடத்தில் வைப்பதாயின் களவுபோகாமற் காத்தல் வேண்டும். அதன்பொருட்டே சங்கிலி இடப்பட்டது. இத்தாலியிற் செசேனா நகரில் 15-ஆம் நூற்றாண்டின் இடையில் மலதெஸ்தா குடியினர் அமைத்த நூலகத்தில் நூல்கள் படிப்புப் பலகைகளோடு சங்கிலியாற் பிணிக்கப்பட்டபடியே இன்றும் உள்ளன. அந்நூலகம் நகரத்தார் பயன்கொள்ளற்கென்றே அமைந்தது. இங்கிலாந்தில் ஹெரிபோர்டுப் பேராலயத்துச் சங்கிலி நூலகம் 1611-இல், அஃதாவது அந்நாடு ரோமாபுரியினின்றும் பிரிந்த பின்னரே, அமைக்கப்பட்டது. 1538-இல் எட்டாம் ஹென்றியரசன் ஆணைப்படி ஆங்கில விவிலியம் பங்குக்கோயில்தோறும் மக்கள் வந்து படித்தற்கென வைக்கப்பட்டபொழுதும், அதனைப் பல இடங்களிற் சங்கிலியாற் பிணித்தே வைத்தனர். ஆகவே சங்கிலி மறைத்தற்கு அடையாளமன்று; பலர் படிக்க வைத்தற்கே அடையாளம் என்க. பூர்வபக்கத்தின் முதற்சான்று இவ்வாறு வீழ்ந்தது.

மொழி

அற்றேல், இலத்தீன் மொழியில் வைத்தது மறைத்தற்கன்றோவெனின், அது தோன்றிய காலத்தை நோக்குக. எரோனிமு என்னும் பெரியார் 382-ஆம் ஆண்டளவில் இலத்தீன் மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கிப் பல்லாண்டு உழைத்தார். அக்காலத்து மேலை ரோமப் பேரரசில் மக்கள் வழங்கிய மொழி இலத்தீனே. அப்பெயர்ப்புக்குப் பிற்காலத்து வழங்கிய பெயரும் பொதுவழக்கினது என்றே பொருள்படும். பின்னர்ப் பேரரசு சிதைந்தது. மக்கள் வாய்மொழி திரிந்து பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய புதுமொழிகளாயிற்று. நூன்மொழி நின்றவிடத்தே நின்றது. 813-இல் தூர் நகரிற் கூடிய சங்கம், குருமார் தம் உபதேசங்களை நாட்டுப்புற ரோமமொழியிலாயினும் ஜெர்மானிய மொழியிலாயினும் பெயர்த்து யாவர்க்கும் விளங்கக் கூறல் வேண்டும் என விதித்தது. மொழி மக்களைவிட்டு விலகியதனைத் திருச்சபையார் அப்பொழுதே உணர்ந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

இப்பொருளிற் போப்பரசர் பலரும் ஒருமனத்தர் ஆயினாருமல்லர். சிரில், மெத்தோடியு என்னும் உடன்பிறந்தார் இருவர் 863-ஆம் ஆண்டளவில் மொராவியா நாடு சென்று, சிலாவிய மொழியில் விவிலியப் பகுதிகளையும் வழிபாட்டையும் பெயர்த்து வழங்கினர். எட்டாம் யோவான் என்னும் போப்பரசர் 880-இல் அதனை ஒப்புக்கொண்டு எழுதினார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் என்னும் மூன்றனையும் படைத்த இறைவனே ஏனை மொழிகளையும் தன் புகழ்ச்சிக்கெனப் படைத்தான் என்பது அவர் கூறிய காரணம். இருநூறு ஆண்டு கழித்து, 1080-இல், ஏழாம் கிரகோரியார் என்னும் போப்பரசர் பொகீமிய நாட்டரசன் வேண்டிய சிலாவிய மொழி வழிபாட்டை மறுத்தார்; மறைநூலிற் சில இடங்கள் மறைபொருளாயிருத்தலே இறைவன் திருவுள்ளம், எல்லார்க்கும் வெளிப்படையாயின் மதிப்புக் குன்றும், பிறழவுணர்தலும் நேரும் என்பது அவர் காரணம். ஒரே பீடத்தில் இருந்தோர் இவ்வாறு முரண்பட்டனர். ஆயிரம் ஆண்டும் ஒரே விலக்கு நின்றது என்பார்க்கும், விலக்கென்பதே இல்லை என்பார்க்கும் இவ்விரு திருமுகங்களும் ஒருங்கே விடையாம்.

கேட்டலும் காண்டலும்

ஏட்டைக் கையிற் பெறுதல் ஒன்றே நூலை அணுகுதல் எனக் கொள்வது அச்சுக்காலத்தார் வழக்கம். வேதத்தைச் சுருதியென்றும் எழுதாக்கிளவியென்றும் வழங்கும் நாம் அவ்வாறு கொள்ளுதல் தகாது. இடைக்காலத்துக் கிறித்தவ மக்களுட் பெரும்பாலார் எழுத்தறியார்; அவர்க்கு விவிலியம் செவிவாயிலாகவும் கண்வாயிலாகவுமே வந்தது. திருநாள்தோறும் வழிபாட்டிற் சுவிசேடப் பகுதி ஓதப்பட்டது. குருமார் அதன் பொருளை நாட்டுமொழியில் விரித்தனர். மார்சேய் நகர மேற்றிராணியார் செரேனு என்பவர் கோயிற் படிமங்களை உடைத்தெறிந்தபொழுது, முதலாம் கிரகோரியார் 600-ஆம் ஆண்டில் அவரைக் கடிந்து எழுதினார். எழுத்தறிந்தார்க்கு நூல் எவ்வாறோ அவ்வாறே எழுத்தறியார்க்கு ஓவியம் என்பது அதன் கருத்து. இங்கிலாந்தில் யார்க் நகரத்துத் தொழிற்கூட்டத்தார் ஆண்டுதோறும் உலகப்படைப்பு முதல் இறுதித்தீர்ப்பு ஈறாக உள்ள வரலாறுகளைத் தெருக்களில் தேர்களின்மேல் நாடகமாக நடித்தனர்; 1376 முதல் அதற்குச் சான்றுண்டு. நோவாவின் பேழை கட்டும் காட்சி கப்பல் கட்டுந் தச்சர் பங்காயிருந்தது. தம் கைத்தொழிலையே மறைநூற் கதையிற் கண்ட அத்தச்சரை விவிலியம் அறியாதார் என்பது எங்ஙனம் கூடும்?

எழுத்தறிந்தார் சிலர்க்குச் சங்கீதநூல் முதற்பாடநூலாகவும் இருந்தது. செல்வர்கள் நாழிகைச் செபநூல்களைத் தம்முடன் வைத்திருந்தனர். அவற்றிற் சங்கீதங்கள் பல உள்ளன. ஆகலின் பொதுமக்கள் விவிலியத்தை யாதொரு வாயிலானும் அணுகவில்லை என்னுங் கூற்று பொருந்தாது.

எனினும் ஒன்று கருதற்பாலது. ஞானநெறிக்கண் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நால்வகைப் படி கூறுவர் நம் ஆசிரியர். ஓதக்கேட்டதும் சுவரிற் கண்டதும் கேட்டல் என்னும் முதற்படியோடு ஒக்கும். கேட்டதனை மீட்டும் எடுத்துநோக்கி, முன்பின் இயைத்து, ஐயம் நிகழ்ந்தவழி வினாவிச் சிந்தித்தற்கு மூலம் கையில் இருத்தல் வேண்டும். ஓவியம் காட்டுவதன்றி வினாவுக்கு விடை கூறாது. இவ்விரண்டாம் படியிலேதான் பிணக்கு எழுந்தது.

விலக்கு எழுந்தவாறு

லயன் நகரத்து வணிகர் வால்தேசு என்பவர் 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தம் செல்வத்தைத் துறந்தார். குருமார் இருவரைக்கொண்டு சுவிசேடங்களையும் பிற பகுதிகளையும் தம் நாட்டுமொழியிற் பெயர்த்தெழுதுவித்தார். அவர் வழிப்பட்டார் தெருக்களில் நின்று உபதேசித்தனர். 1179-இல் ரோமாபுரியிற் கூடிய லாத்தரன் பொதுச்சங்கத்தில் அவர்கள் தம் மொழிபெயர்ப்பு நூலைப் போப்பரசர் முன் வைத்து, உபதேசிக்க உரிமை வேண்டினர். ஆண்டு அவர்களை வினாவிய வால்டர் மேப் என்பவர், இவர் தருக்கநூல் அறியாமையைச் சங்கத்தார் நகைத்தனர் என எழுதிவைத்துள்ளார். மொழிபெயர்த்தது பற்றி அவர்மேற் குற்றஞ் சாட்டப்படவில்லை. கல்லாதார் கற்பிக்க முற்பட்டதே குற்றமாயிற்று. உபதேசத்தை அவர் நிறுத்தாமையால் 1184-இற் சபைக்குப் புறம்பாக்கப்பட்டனர்.

இதனை மூன்றாம் இன்னொசெந்து என்னும் போப்பரசர் 1199-இல் மெட்ஸ் நகரத்தார்க்கு எழுதிய திருமுகம் இனிது விளக்கும். அந்நகரில் ஆடவரும் மகளிரும் விவிலியத்தின் பிரெஞ்சுமொழிப் பெயர்ப்பை வைத்துக்கொண்டு மறைவிற் கூடி ஆராய்ந்தனர். தம்மைத் தடுத்த குருமாரை இகழ்ந்தனர். மறைநூற் பொருளை அறிய விழைதல் கடியப்படுவதன்று, புகழற்பாலதே எனப் போப்பரசர் முதலிற் கூறுகின்றார். மறைவாகக் கூடுதலும், அனுப்பப்படாமலே உபதேசத் தொழிலை மேற்கொள்ளுதலும், குருமாரை எள்ளுதலுமே குற்றம் என்கின்றார். மொழிபெயர்த்தவர் யார், அவர் நோக்கம் யாது, அதனை வாசிப்போர் விசுவாசம் எத்தகையது என்று உசாவும்படி மேற்றிராணியார்க்கும் எழுதினார். நயமான சொற்களே, ஆயினும் பின்னர் ஆண்டு அனுப்பப்பட்ட மடாதிபதிகள் அம்மொழிபெயர்ப்புக்களை எரித்தனர் என அக்காலக் குறிப்பொன்று கூறும். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள இத்தொலைவை இப்பொருளில் மீண்டும் மீண்டும் காண்போம்.

வெளிப்படையான விலக்கு 1229-இல் தென்பிரான்சில் துலூஸ் நகரச் சங்கத்தில் எழுந்தது. கதாரர் என்னும் மாறுபட்ட கொள்கையாரை அழித்தற்கு இருபதாண்டு நடந்த போர் முடிந்த ஆண்டு அது. பொதுமக்கள் பழைய ஏற்பாட்டு நூல்களையாதல் புதிய ஏற்பாட்டு நூல்களையாதல் வைத்திருத்தல் கூடாதென்றும், பக்திப்பொருட்டுச் சங்கீதநூல் முதலிய செபநூல்களை வைத்துக்கொள்ளலாம் என்றும், அவையும் நாட்டுமொழியில் இருத்தல் கூடாதென்றும் அச்சங்கம் விதித்தது. 1234-இல் ஸ்பெயினில் தாரகோனாச் சங்கம், நாட்டுமொழி விவிலியம் வைத்திருப்போர் எட்டு நாளுள் மேற்றிராணியாரிடம் ஒப்புவித்து எரிக்கச்செய்தல் வேண்டும் என்றது. குருமாரும் இதற்கு விலக்கல்லர். இவை உலகமெங்கும் உள்ள திருச்சபைக்குப் பொதுவிதியல்ல. அவ்வந் நாட்டெல்லையுள் நின்றவையே. எக்காலத்தும் எவ்விடத்தும் தடை இருந்தது என்பார் இதனை மறந்தனர். தடை என்றும் இல்லை என்பார் இவ்விரு சங்கங்களையும் மறைத்தனர்.

விலக்கு யாவர்மேலும் ஒருபடித்தாக விழவில்லை என்பதும் அறியற்பாலது. நான்காம் சார்லசு என்னும் பேரரசன் 1369-இல் பொதுமக்கள் நாட்டுமொழியில் மறைநூல் பற்றிய நூல்களை வைத்திருத்தலைத் தடுத்து ஆணையிட்டான். அவன் மகன் வென்சசுலாசு அரசனுக்கென்றே அந்நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மொழியில் பொன்னும் வண்ணமும் இழைத்த விவிலியப் படி ஒன்று எழுதப்பட்டது. தந்தை குடிகளுக்கு விலக்கியது மகனுக்கு அணிகலனாயிற்று.

இங்கிலாந்தின் வழக்கு

இப்பொருளில் மிக ஆழ்ந்து ஆராயப்பட்டது இங்கிலாந்தின் வரலாறே. 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எல்பிரிக் என்னும் துறவி, பிரபு ஒருவர் வேண்டுகோட்கிணங்கி ஆதியாகமத்தைப் பழைய ஆங்கிலத்திற் பெயர்த்தார். முன்னுரையில் தம் அச்சத்தையும் எழுதினார். முற்காலத்துப் பிதாக்கள் பல மனைவியரை மணந்தனர் எனப் படிக்கும் அறிவிலி, தானும் அவ்வாறு வாழலாம் எனக் கருதிவிடுவான் என்பது அவர் அச்சம். இஃது ஆதிக்கம் நாடுவோன் அச்சமன்று. மாணாக்கன்பால் இரங்கும் ஆசிரியன் அச்சம். பூர்வபக்கத்தின் வலிமையான பகுதி இதுவேயாகலின் இதனைப் பின்னர் எடுத்துக்கொள்வாம்.

ஜான் விக்ளிப் என்னும் ஆக்ஸ்போர்டு ஆசிரியர் 1384-இல் இறந்தார். அவர் மாணாக்கர் மரபிலெழுந்தது எனப் பெரும்பாலார் கொள்ளும் ஆங்கில விவிலியம் அந்நூற்றாண்டின் இறுதியில் முற்றுப்பெற்றது. 1407-இல் ஆக்ஸ்போர்டிற் கூடி 1409-இல் வெளியிடப்பட்ட விதிகளில், ஆர்ச்சுமேற்றிராணியார் தாமசு அருண்டெல், எவரும் தம் விருப்பப்படி மறைநூலை ஆங்கிலத்திற் பெயர்த்தல் கூடாதென்றும், விக்ளிப் காலத்தும் அதன் பின்னும் எழுந்த பெயர்ப்பை மேற்றிராணியாராதல் மாகாணச் சங்கமாதல் ஒப்புக்கொள்ளுங்காறும் எவரும் படித்தல் கூடாதென்றும் விதித்தார். அனுமதிக்கு வாயில் வைக்கப்பட்டது. ஆயினும் அவ்வாயிலின் வழியே முழு ஆங்கில விவிலியம் ஒன்றேனும் அடுத்த நூறாண்டில் வெளிவந்திலது. அருண்டெல் ஒப்புதல் தந்து மக்களிடையே பரப்பியது நிக்கொலசு லவ் என்னும் துறவி எழுதிய கிறித்துவின் வாழ்க்கைத் தியானநூலே. கேட்டலுக்குரியது தரப்பட்டது, சிந்தித்தலுக்குரியது நிறுத்தப்பட்டது.

ஆயினும் அவ்விவிலியத்தின் கையெழுத்துப் படிகள் ஏறக்குறைய 250 இன்றும் எஞ்சியுள்ளன. அக்கால ஆங்கில நூல் வேறெதற்கும் இத்துணைப் படிகள் இல்லை. அவற்றுள் ஒன்று 1397-இல் இறந்த குளோஸ்டர் கோமகனுடையது; மற்றொன்று ஆறாம் ஹென்றியரசனுடையது. இதனை வைத்தே கர்தினால் காஸ்கே 1894-இல் ஒரு கட்டுரை எழுதி, இப்படிகள் விக்ளிப் மரபினவல்ல, திருச்சபை ஒப்பிய கத்தோலிக்கப் பெயர்ப்பே என்றார். மார்கரெட் டீன்ஸ்லி என்னும் அம்மையார் 1920-இல் வெளியிட்ட பெருநூலில் இதனை மறுத்து, அரசர்க்கும் பிரபுக்களுக்கும் ஒப்பிய உரிமையைத் திருச்சபை பொதுமக்களுக்கு மறுத்தது என நிறுவ முயன்றார். அண்மையில் 2016-இல் ஹென்றி அன்ஸ்கர் கெல்லி என்பார் காஸ்கேயின் பக்கம் மீண்டும் ஆராய்ந்து, அப்பெயர்ப்பு விக்ளிப் கொள்கையாரது அன்று என்றும், அருண்டெல் விதி கண்காணித்தற்கே எழுந்ததன்றி விலக்குதற்கு எழுந்ததன்று என்றும் வாதிட்டுள்ளார்.

எம் மதிப்பீடு வருமாறு. படிகளின் எண்ணிக்கையை நோக்குமிடத்து, விதி ஏட்டளவில் இருந்தவாறே நடைமுறையில் முற்றும் நடந்ததில்லை எனக் கெல்லி கூறுவதில் வலிமையுண்டு. ஆனால் விதியின் சொல்லை மட்டும் நோக்கி அதன் பயனைத் துணிதல் கூடாது. வழக்குமன்றப் பதிவுகளையும் நோக்கல் வேண்டும். நார்போக்கு நாட்டு மார்தம் என்னும் ஊரில் மார்ஜரி பாக்ஸ்டர் என்பாள் ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் தச்சன். அண்டைவீட்டு மகளிரை இரவில் தன் அறைக்கு வருமாறும், தன் கணவன் கிறித்துவின் நியாயப்பிரமாண நூலைப் படிக்கக் கேட்கலாம் என்றும் அவள் அழைத்தாள் என்பது 1429-இல் அவள்மேற் கூறப்பட்ட சாட்சியங்களுள் ஒன்று. மற்றொரு பெண், ஆலிசு காலின்சு என்பாள், பத்துக் கட்டளைகளையும் திருமுகங்களையும் நெட்டுருப்பண்ணிக் கூட்டங்களில் ஓதும் ஆற்றலுடையாளாயிருந்தாள். 1521-இல் அதுவும் குற்றச்சாட்டிற் சேர்க்கப்பட்டது. கோமகனுடைய ஆங்கில விவிலியம் பேழையில் அச்சமின்றி இருந்தது. தச்சன் மனையாள் கதவடைத்துக் கேட்டாள். ஒரே நூல், ஒரே மொழி. உடையவர் நிலைமட்டுமே வேறு. இவ்விடத்து டீன்ஸ்லி அம்மையார் கூற்றே வலியுடைத்து என்பது எம் துணிபு.

அச்சு வந்தபின்

லூதர்தாம் முதலிற் பூட்டைத் திறந்தார் என்னும் எஞ்சிய கூற்றை விரைவிற் கடப்பாம். குட்டன்பர்க் 1455-ஆம் ஆண்டளவில் இலத்தீன் விவிலியத்தை அச்சிட்டார். 1466-இலேயே ஸ்திராஸ்பூர்க் நகரில் மெண்டலின் என்பவர் முழு விவிலியத்தை ஜெர்மானிய மொழியில் அச்சிட்டார். 1471-இல் வெனிசு நகரில் இத்தாலிய விவிலியம் அச்சாயிற்று. லூதருடைய புதிய ஏற்பாடு வெளிவந்த 1522-க்கு முன் ஜெர்மானிய மொழியில் பதினெட்டு முழுப் பதிப்புக்கள் வந்துவிட்டன. மைன்சு நகர ஆர்ச்சுமேற்றிராணியார் 1485-இல் ஒப்புதலின்றி மொழிபெயர்த்தலைக் கடிந்து ஆணையிட்டும் அவை நின்றில. லூதர் செய்தது நடையின் எளிமையாலும் மலிந்த அச்சாலும் நூலை மிகப் பரப்பியதும், மூலமொழிகளை நோக்கிப் பெயர்த்ததுமேயாம். அவை சிறியனவல்ல, ஆயினும் முதலில் திறந்தவர் அவரல்லர்.

விலக்குதல் ரோமாபுரிக்கே உரிய குற்றமுமன்று. போப்பரசரை நீக்கிய எட்டாம் ஹென்றி, 1538-இல் கோயில்தோறும் வைப்பித்த ஆங்கில விவிலியத்தை, 1543-இற் சட்டமியற்றி, கைவினைஞர், பயிலுந் தொழிலாளர், பணியாளர், உழவர், கூலியாட்கள், குடிப்பெண்கள் ஆகியோர் படித்தல் கூடாதென விலக்கினான். உயர்குடி மகளிர் தமக்குள்ளே படிக்கலாம். பிறர்க்குப் படித்துக்காட்டல் ஆகாது. சபை மாறியது, அச்சம் மாறவில்லை.

துணிபு

இதுகாறும் கூறியவாற்றால் போந்த பொருள்: இடைக்காலத் திருச்சபை விவிலியத்தைக் கேட்டற்கும் காண்டற்கும் யாவர்க்கும் வழங்கியது. எல்லார்க்கும் எக்காலத்தும் ஆன பொதுவிலக்கு இருந்ததில்லை. ஆயினும் அனுமதி பெறாதார் நூலைத் தம் மொழியில் கைக்கொண்டு தாமே பொருள்கண்டு பிறர்க்கு உரைக்கத் தொடங்கியபோதெல்லாம், அவ்வவ்விடத்து விலக்கும் ஒறுத்தலும் எழுந்தன; அவை எளியார்மேலேயே பெரிதும் விழுந்தன. ஏட்டைக் காட்டிலும் பொருள்கொள்ளும் உரிமையே அவர்கள் காத்துநின்றது.

அற்றாக, எல்பிரிக் துறவியின் அச்சத்துக்கு விடை யாது? அதிகாரி பேதம் சைவரும் உடன்பட்டதன்றோ? சரியை கிரியை யோக ஞானம் எனவும், சமயம் விசேடம் நிருவாணம் எனவும் படி வகுத்து, பக்குவமில்லாதார்க்கு ஞானநூல் உணர்த்தலாகாதென விதித்த நீவிர் அவரைக் குறைகூறுதல் எங்ஙனம் என ஒருவர் வினாவலாம். இவ்வினா நேர்மையானது. விடை இது. பக்குவம் என்பது உயிரின் மலபரிபாகத்தைப் பற்றியது. பிறப்பையும் பதவியையும் செல்வத்தையும் பற்றியதன்று. அதனை அறிபவர் மாணாக்கனை நேரிற்கண்டு சோதிக்கும் ஆசாரியர். ஊர்முழுதுக்கும் ஒருங்கே ஆணையிடும் அரசனல்லன். இன்று இல்லாதார்க்கு நாளை அளித்தலே அதன் நோக்கம். துலூஸ் விதியோ, குருபட்டம் பெற்றிலன் என்னும் ஒன்றையே நோக்கி, அறிவுடையானையும் அறிவிலானையும் ஒருங்கே விலக்கியது. கோமகனுக்கு ஒப்பியதனைத் தச்சன் மனையாளுக்கு மறுத்த நடைமுறையிலும் பக்குவ ஆராய்ச்சி சிறிதும் இல்லை. எல்பிரிக் அச்சம் ஆசிரியனுடையது, அவ்விதிகள் காவலனுடையவை. முன்னையது நமக்கும் உடன்பாடே. பின்னையது எவர் செய்யினும் குற்றமே.

எவர் செய்யினும் என்றமையால், நம் வீட்டையும் நாம் நோக்கல் கடன். வேதத்தை நான்காம் வருணத்தார் ஓதுதலும் கேட்டலும் ஆகாதென்ற விதி இந்நாட்டில் நெடுங்காலம் வழங்கியது. அது பக்குவத்தை நோக்காது பிறப்பையே நோக்கியது. யாவர்க்கும் உரியவாய்த் தமிழில் எழுந்த தேவாரத் திருப்பதிகங்களும், தில்லையில் ஓரறையிற் பூட்டப்பட்டுக் கிடந்து, அபயகுலசேகர சோழனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று திறப்பித்தபொழுது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தன எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். அவ்வறையை எந்த மேற்றிராணியாரும் பூட்டவில்லை. காப்பதாகக் கருதி நம்மவரே பூட்டினர், கறையான் படித்தது. இதனை நினைவார்க்குப் பிறர் சங்கிலியை எண்ணி நகைக்கத் தோன்றாது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இளமையிற் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழில் பெயர்க்க உதவினார். 1850-இல் அப்பெயர்ப்பு வெளிவந்தது. அந்நூலை வரிவரியாக அறிந்தமையாலேயே, 1854-இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபொழுது, மாற்றார் மறுக்கவியலாதவாறு அவர் நூற்சான்றுகளையே எடுத்துக்காட்டினார். செவிவழி வந்த பழியை அவர் படையாகக் கொள்ளவில்லை. கிறித்து சமயத்தை ஆராயும் சைவர்க்கு அதுவே வழி. அச்சமயத்தில் நாம் மறுக்கவேண்டியன பதி பசு பாச இலக்கணம் பற்றியன பல உள. அவற்றை விடுத்துப் பொய்யான சங்கிலி ஒன்றைப் பற்றி நின்று வாதிடுவேமாயின், சங்கிலி அறும்பொழுது நம் வாதமும் உடன் வீழும். ஆகலின் அக்கூற்றை இனி நம் மேடைகளிலிருந்து விலக்குக. அதற்கு மாறாக, திருமுறைகளையும் சித்தாந்த சாத்திரங்களையும் வாங்கவியலாத எளியார் வீட்டிற்கு அவற்றைக் கொண்டுசெல்லவும், கேட்டலோடு நில்லாது சிந்தித்தற்கு உரிய ஆசிரியரை ஊர்தோறும் அமைக்கவும் முயல்வேமாயின், பிறர் வரலாற்றிலிருந்து நாம் கற்றது பயன்பட்டதாம்.